உடலின் முதற் காவல்

(நூற்றாண்டு விழாவின்போது கல்லூரி மண்டபத்தில் உயர்தர வகுப்பு மாணவியருக்கும் பழைய மாணவியருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது வைத்திய விடயம் பேசுங்கோ, ஆனால் நீரிழிவும் கொலஸ்ரரோலும் வேண்டாம், போன முறையும் அதுதான்" என்று சங்கச் செயலாளர் அக்கா தொலைபேசியில் சொன்னார். அதனால், எங்கள் மண்டபங்களில் பெயர் சொல்லவே தயங்கும் ஒரு நோயை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றைப் பற்றி, அதிலும் அந்தத் தொற்று ஏற்பட்டும் மருந்தில்லாமலே அதை அடக்கி வைத்திருக்கும் மிகச் சிலரைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார் என்னை மன்னிக்க வேண்டும்.

1996 இல் இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பிய பிறகு, இதே கட்டடத்தின் மேல்மாடியில்தான் நான் உயர்தரம் உயிரியல் படித்தேன். மின்சாரம் இல்லை. இரவிலே ஜாம் போத்தல் விளக்கில் பாடக்குறிப்பு எழுதுவோம். காலையில் மூக்கிலே புகைக்கரி இருக்கும். நிர்ப்பீடனம் படிப்பித்த அன்று ரீச்சர் எச்.ஐ.வி. பற்றியும் சொன்னார். "இந்த வைரசு உள்ளுக்கு வந்தால் பிள்ளையள், தப்பின ஆள் இல்லை" என்றார். ரீச்சரைக் குறை சொல்லவில்லை. 1981 இல் முதல் நோயாளர்கள் பற்றிய அறிக்கை அமெரிக்காவில் வெளிவந்த நாளிலிருந்து உலகம் கண்டது அதைத்தான். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயை அடக்கலாம் என்ற செய்தி 1996 இல்தான் உலகுக்குத் தெரிய வந்தது. அது எங்கள் மேல்மாடிக்கு வந்து சேரக் கனகாலம் எடுத்தது.

ஆனால் ரீச்சர் அப்படிச் சொன்ன அந்த நேரத்திலே, கலிபோர்னியாவில் லொரீன் வில்லன்பேர்க் என்ற ஒரு பெண்மணி உயிரோடும் நலத்தோடும் இருந்தார். 1992 இல் அவருக்குத் தொற்று இருப்பது தெரிய வந்தது. அவர் மருந்து எடுக்கவில்லை. அவருடைய இரத்தத்தில் வைரசைக் காண்பதே அரிதாக இருந்தது. பிற்காலத்தில் அவரே தன் பெயரை வெளியிட்டு, ஆய்வுகளுக்கு இரத்தம் கொடுத்து, உலகறிந்தவர் ஆனார்.

இவரைப் போன்றோரை ஆங்கிலத்திலே 'எலைட் கொன்ரோலர்ஸ்' என்பார்கள். நான் 'இயல்பாகக் கட்டுப்படுத்துவோர்' என்று சொல்லப் போகிறேன். ஒரு மில்லிலீற்றர் குருதியில் வைரசின் எண்ணிக்கை 50 பிரதிகளுக்குக் கீழே, மருந்து இல்லாமல், நீண்ட காலம் நிற்க வேண்டும். தொற்றுள்ள நூறு பேரில் ஒருவர்கூட இப்படி இருப்பதில்லை.

இவர்கள் ஏன் இப்படி? இதற்கு விடை சொல்ல முதலில் வைரசின் வேலையைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. எங்கள் சி.டி.4 ரி கலங்களுக்குள் நுழைகிறது. தன்னிடம் உள்ள ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி எழுதுகிறது. அந்த டி.என்.ஏ.யை எங்கள் கலத்தின் நிறமூர்த்தத்துக்குள் செருகிவிடுகிறது. அதற்குப் பிறகு அது எங்கள் சொந்தப் பரம்பரையலகுகளின் பக்கத்திலே குடியிருக்கும். மருந்து அதைப் பெருகவிடாமல் தடுக்கும், குடியெழுப்ப மாட்டாது. அதனால்தான் குளிசையை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கிறது.

இனி எங்கள் உடலின் காவலுக்கு வருவோம். எங்களூர் வளவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். வேலி, படலை, முற்றத்திலே நாய், குரல் கேட்டால் ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரர். இவர்களுக்குக் கள்ளனின் பெயரோ முகமோ தெரியத் தேவையில்லை. அந்நியன் என்று பட்டவுடனேயே சத்தம் போடுவார்கள். இதுதான் உள்ளார்ந்த நிர்ப்பீடனம். நாங்கள் பிறக்கும்போதே கொண்டு வருவது. ஆளின் படத்தை வைத்து விசாரித்து, அந்த ஆளை மட்டும் தேடிப் பிடிக்கும் பொலிஸ் பிறகுதான் வரும். அது பெற்ற நிர்ப்பீடனம். பிறபொருளெதிரிகளும் கொல்லி ரி கலங்களும் அதைச் சேர்ந்தவை.

முதலில் ஆய்வாளர்களின் கவனம் பொலிஸின் பக்கமே இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 2010 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், வைரசைக் கட்டுப்படுத்துவோர் 974 பேரினதும் கட்டுப்படுத்தாதோர் 2,648 பேரினதும் பரம்பரையலகுகளை ஒப்பிட்டார்கள். மிகப் பெரிய வித்தியாசம் எச்.எல்.ஏ. என்ற பகுதியிலேதான் இருந்தது. கலத்துக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை வெளியே எடுத்துக் கொல்லி ரி கலங்களுக்குக் காட்டுவது எச்.எல்.ஏ. மூலக்கூறுகளின் வேலை. எச்.எல்.ஏ.-பி57 போன்ற சில வகைகள் வைரசின் முக்கியமான துண்டுகளைக் காட்டிவிடுகின்றன. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பி57 இருந்தும் நோய்ப்பட்டவர்கள் பலர். அது இல்லாமலே கட்டுப்படுத்துபவர்களும் பலர். அப்படியென்றால் பொலிஸ் வருவதற்கு முன்னர் வளவுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

முதலாவது காவலாளி டென்ட்ரிட்டிக் கலம். மரக்கிளைகள் போலக் கைகளை நீட்டி நிற்கும் இந்தக் கலம், அந்நியப் பொருளைக் கண்டு, அதைக் கொண்டுபோய் ரி கலங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும். பெரும்பாலானோரில் எச்.ஐ.வி. இந்தக் கலத்தைச் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறது. அதற்குள் வைரசின் டி.என்.ஏ. போதிய அளவு சேர்வதில்லை, அதனால் அபாய மணியும் அடிப்பதில்லை. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ரேகன் நிறுவன ஆய்வாளர்கள் 2015 இல் ஒரு விடயத்தை அறிவித்தார்கள். இயல்பாகக் கட்டுப்படுத்துவோரின் டென்ட்ரிட்டிக் கலங்களில் வைரசின் டி.என்.ஏ. சேர்கிறது. கலத்தின் கருவுக்கு வெளியே டி.என்.ஏ. இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதை 'சி-காஸ்' என்ற உணரி கண்டுகொள்கிறது. உடனே இன்ரபெரோன் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரக்கிறது. அப்படி விழித்த கலத்திடம் பாடம் படித்த கொல்லி ரி கலங்கள் திறமாக வேலை செய்கின்றன. நாய் நேரத்தோடு குரைத்ததால் பொலிஸும் சரியான ஆளைத் தேடி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காவலாளி இயற்கைக் கொல்லிக் கலம். இதை விளங்கப்படுத்த எங்கள் தலைமுறைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை இல்லாமல் நின்ற அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. எச்.ஐ.வி. ஒரு தந்திரம் செய்கிறது. கொல்லி ரி கலங்களின் கண்ணில் படாமல் இருக்க, தான் புகுந்த கலத்தின் மேற்பரப்பிலிருந்து சில எச்.எல்.ஏ. மூலக்கூறுகளை உள்ளே இழுத்துவிடுகிறது. அட்டையைக் காணவில்லை என்பதையே சந்தேகத்துக்குரிய அறிகுறியாக எடுப்பவைதான் இயற்கைக் கொல்லிக் கலங்கள். இந்தக் கலங்களில் உள்ள ஒரு குறிப்பிட்ட வாங்கியும், அதற்குப் பொருத்தமான ஒரு வகை எச்.எல்.ஏ.யும் ஒரே ஆளில் சேர்ந்து அமைந்தால் எயிட்ஸ் நிலைக்குப் போவது தாமதமாகிறது என்று 2002 இல் கண்டார்கள். தனித்தனியாக இருந்தால் அந்தப் பலன் இல்லை; சோடி சேர வேண்டும்.

இங்கே பெண்பிள்ளைகளாகிய உங்களுக்கு ஒரு விசேட செய்தி இருக்கிறது. இயல்பாகக் கட்டுப்படுத்துவோரிடையே பெண்களின் பங்கு எதிர்பார்ப்பதிலும் அதிகம். வைரசின் ஆர்.என்.ஏ.யை உணரும் ரி.எல்.ஆர்.7 என்ற உணரியின் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்திலே இருக்கிறது. எங்களிடம் எக்ஸ் இரண்டு. அவற்றில் ஒன்று அநேகமாக ஓய்ந்திருக்கும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் ரி.எல்.ஆர்.7 சில கலங்களில் அந்த ஓய்விலிருந்து தப்பிவிடுகிறது. 2009 இல் வெளியான ஆய்வொன்றில், எச்.ஐ.வி.யின் ஆர்.என்.ஏ.க்கு எதிராகப் பெண்களின் கலங்கள் ஆண்களின் கலங்களைவிடக் கூடுதலாக இன்ரபெரோன் சுரந்தன.

கைதட்ட வேண்டாம், பிள்ளைகள். கதை இன்னும் முடியவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வைரசின் அளவு சமமாக இருக்கும் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண்ணின் நிர்ப்பீடனத் தொகுதியே கூடுதலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்பு நல்லதல்ல, அதுவே சி.டி.4 கலங்களைத் தேய்க்கிறது. லூப்பஸ் போன்ற, சொந்த உடலையே தாக்கும் நோய்கள் பெண்களுக்குக் கூடுதலாக வருவதிலும் இந்த ரி.எல்.ஆர்.7க்குப் பங்கு உண்டு. விரைவாக விழிக்கும் காவலுக்கு ஒரு விலை இருக்கிறது.

இந்த விலையை வடிவாக விளக்குவது ஆபிரிக்கக் குரங்குகள். அங்கே சூட்டி மங்காபே என்ற குரங்கினம், எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. வைரசோடு எத்தனையோ தலைமுறைகளாக வாழ்கிறது. அவற்றின் இரத்தத்தில் வைரசு நிறைய உண்டு. நோயோ அநேகமாக இல்லை. அதே வகை வைரசு ஆசியாவின் றீசஸ் குரங்குக்குள் போனால் அது எயிட்ஸ் வந்து சாகிறது. இரண்டிலும் தொற்றின் முதல் நாட்களில் இன்ரபெரோன் மணி பலமாக அடிக்கிறது. மங்காபேயில் அந்த மணி சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. றீசஸ் குரங்கில் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. இரவு முழுக்க நாய் குரைத்தால் வீட்டுக்காரர் நித்திரையில்லாமல் நோயாளியாவார், கள்ளனும் போகமாட்டான்.

இயல்பாகக் கட்டுப்படுத்தும் மனிதர்களும் இந்த விலையிலிருந்து முற்றாகத் தப்பவில்லை. வைரசு அடங்கியிருந்தாலும், குளிசையால் அடக்கியிருப்பவர்களைவிடக் கூடுதலான அழற்சி இவர்களில் பலருக்கு இருக்கிறது. இருதய நோய் அபாயமும் கவனிக்கப்பட வேண்டியது. சிலர் ஆண்டுகள் கழித்துக் கட்டுப்பாட்டை இழந்தும் விடுகிறார்கள்.

லொரீன் அம்மையாருக்குத் திரும்புவோம். 2020 இல் 64 கட்டுப்படுத்துவோரின் கலங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியானது. மருந்து எடுப்பவர்களில், செருகப்பட்ட வைரசு பெரும்பாலும் பரம்பரையலகுகள் சுறுசுறுப்பாக இயங்கும் இடங்களிலே இருக்கும். இவர்களிலோ எஞ்சியிருந்த முழுமையான வைரசு, நிறமூர்த்தத்தின் உறங்கும் பகுதிகளில், பரம்பரையலகுப் பாலைவனம் என்று சொல்லக்கூடிய இடங்களிலே அடைபட்டுக் கிடந்தது. வைரசு அந்த இடத்தைத் தெரிவு செய்தது என்பதல்ல. சத்தம் போடக்கூடிய இடங்களில் இருந்த வைரசுக் கலங்களைக் காவல் ஆண்டாண்டாக அழித்திருக்க, வாய் திறக்க முடியாதவை மட்டும் மிஞ்சின என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். லொரீனின் 150 கோடிக்கும் மேற்பட்ட கலங்களில் தேடியும் முழுமையான வைரசு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆர்ஜென்ரீனாவின் எஸ்பெரன்சா நகரத்துப் பெண் ஒருவரிடமும் இதே நிலை அறிவிக்கப்பட்டது. அவர் தன் பெயரை வெளியிடவில்லை. கர்ப்பகாலத்தில் மட்டும் மருந்து எடுத்து, தொற்றில்லாத பிள்ளையைப் பெற்றார். 'எஸ்பெரன்சா' என்றால் ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள்.

இந்தச் செய்திதான் என்னை இன்று இங்கே பேச வைத்தது. புலம்பெயர்ந்த நாட்டிலே என் கிளினிக்குக்கு எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருவர் வருவார். அவரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாமல் சில விடயங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவரிடமிருந்து தொற்றியது, கணவர் பின்னர் இறந்துவிட்டார். குளிசை எடுத்து நன்றாக இருந்தார். திடீரென்று ஏழெட்டு மாதம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது மெலிந்து, வாயெல்லாம் வெண்படலத்தோடு வந்தார். "டொக்டர் அக்கா, ஆர்ஜென்ரீனாப் பெண்ணைப் பற்றி வாசித்தேன். நானும் அப்படி ஒருத்தியாக இருக்கலாமே என்று குளிசையை விட்டுப் பார்த்தேன்" என்றார்.

நான் அவரது பழைய பதிவை எடுத்துக் காட்டினேன். மருந்து தொடங்குவதற்கு முன்னர் அவரது வைரசு பல பத்தாயிரங்களில் இருந்தது. அவர் அந்த நூற்றில் ஒருவர் அல்ல என்பது அன்றைக்கே தெரிந்த விடயம். "இதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகுதான் உண்மை வந்தது. ஊரிலிருந்து மாமியார் வந்து நின்றிருக்கிறார். குளிசைப் போத்தலை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். ஒருநாள் மாமியார் அரிசி எடுக்கப் போக, இவர் ஓடிப்போய்ப் போத்தலை எடுத்துக் குப்பையிலே போட்டுவிட்டார். அடுத்த போத்தலுக்கு வந்து கேட்கவில்லை. ஆர்ஜென்ரீனாச் செய்தி அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது, அதைப் பிடித்துக்கொண்டார்.

நான் அவருக்கு டென்ட்ரிட்டிக் கலமும் இன்ரபெரோனும் விளங்கப்படுத்த ஆயத்தமாக இருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டதோ, அந்தப் போத்தலைப் பயமில்லாமல் வைக்க அலுமாரியில் ஒரு தட்டு. இத்தனை வருடம் வைத்தியராக இருந்தும் அவருடைய வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து எல்லாரிடமும் கேட்கிறேன்.

அவர் மீண்டும் மருந்து தொடங்கினார். சில மாதங்களில் வைரசு அடங்கியது. இன்று நலமாக வேலைக்குப் போகிறார்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இயல்பாகக் கட்டுப்படுத்துவோர் எங்களுக்குப் பாடப்புத்தகம். பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அல்லர். 35 நாடுகளில் 4,685 பேரோடு நடந்து 2015 இல் முடிவு வெளியான பரிசோதனை, உடல் நன்றாக இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் பாதிக்கும் மேல் குறைவு என்று காட்டியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் தொற்றுள்ள எல்லோருக்கும் மருந்து கொடுக்கும்படி பரிந்துரைத்தது. மருந்தால் வைரசு அளவிட முடியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவதில்லை. ஐரோப்பாவில் ஆண்-பெண் இணையரும் ஆண் இணையருமாக 888 சோடிகளை ஆணுறை இல்லாத நிலையில் கவனித்த ஆய்வில், துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை. தேநீர்க் கோப்பையாலும், ஒன்றாக இருந்து சாப்பிடுவதாலும், கட்டிப்பிடிப்பதாலும் தொற்றாது என்பது உங்களுக்கு முன்னரே தெரியும். தெரிந்தும் கோப்பையை வேறாக வைப்போம். அதுதான் எங்கள் பிரச்சினை.

எங்கள் நாட்டைப் பற்றிப் பெருமையாகவும் ஒன்று சொல்லலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் அங்கீகரித்தது. கர்ப்பவதிகள் கிளினிக்கிலே பரிசோதனையைச் சாதாரண விடயமாக்கியதால் கிடைத்த வெற்றி அது. அதற்குப் பின்னால் வீடு வீடாகப் போன குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு.

ஆய்வுக்குப் போக நினைக்கும் மாணவிகளுக்கு இன்னொரு பெண்ணையும் ஞாபகப்படுத்துகிறேன். 1986 இல் சென்னையில் நுண்ணுயிரியல் பட்டப்பின்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் ஆசிரியை சுனிதி சொலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளரான பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார். இந்தியாவில் இந்த நோயே இல்லை என்று பெரியவர்கள் சொன்ன காலம். மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு வேலூருக்குப் பரிசோதனைக்குப் போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. அந்த அறிவு, ஊரார் ஒதுக்கிய பெண்களின் கைநாளத்திலிருந்து வந்தது. லொரீனும் எஸ்பெரன்சாப் பெண்ணும் கொடுத்ததும் அதுதான். இன்று ஆய்வுகூடங்களில் மற்றவர்களின் டென்ட்ரிட்டிக் கலங்களையும் அதேபோல விழிக்கச் செய்யலாமா என்று முயல்கிறார்கள். நேரத்தோடு விழிக்கவும் வேண்டும், வேலை முடிய அடங்கவும் வேண்டும். அந்தச் சமநிலையைக் கண்டுபிடிக்கும் ஆள் இந்த மண்டபத்தில் மூன்றாம் நான்காம் வரிசையில் இருக்கலாம்.

அக்காமாரே, தங்கைமாரே, நாங்கள் எல்லோரும் ஆய்வுகூடத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்திலோ தெருவிலோ எங்கள் வகுப்பிலோ ஒருவர் அரிசி வாளிக்குள் குளிசையை ஒளித்துக்கொண்டிருக்கக் கூடும். அவர் எங்களிடம் வந்து சொல்லலாம் என்று நினைக்கும்படி நாங்கள் இருந்தால், அதுவும் ஒரு மருந்துதான்.

ஜாம் போத்தல் விளக்கின் காலத்திலும் நிர்ப்பீடனப் பாடத்தை ஒரு வரி விடாமல் படிப்பித்த ரீச்சர் இன்று இங்கே இருக்கிறார். "தப்பின ஆள் இல்லை" என்று சொன்ன வசனத்தை இன்று நான் திருத்திச் சொல்ல வேண்டும் என்று காலையில் அவரிடம் அனுமதி கேட்டேன். "வடிவாகத் திருத்து பிள்ளை, நானும் கேட்க வேண்டும்" என்றார். ரீச்சர், தப்பினவர்கள் இருக்கிறார்கள். மருந்தில்லாமல் மிகச் சிலர். மருந்தோடு மிகப் பலர்.

நூறு ஆண்டுகளாக எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தந்த கல்லூரித் தாய் இன்னும் பல நூறு ஆண்டுகள் வாழ்க என வாழ்த்தி விடைபெறுகிறேன்.